கோம்பை நகரமாகுமுன்

உத்தமபாளையத்திலிருந்து கோம்பை, தேவாரம் வழியாகப் போடிநாயக்கனூர் செல்லும் சாலையில் பிரயாணம் செய்கிறவர்கள் ஒரு காட்சியைக் கவனியாமல் இருக்க முடியாது. நேற்று வரையில் நெல்லும் தென்னையும் நின்ற நிலத்தில் இன்று வெள்ளையடித்த எல்லைக் கற்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன. கற்களுக்கு நடுவே செம்மண் பாதை. முகப்பில் வர்ணக் கொடிகள். "மனைகள் விற்பனைக்கு" என்றொரு பலகை. இதைக் கண்டு மனம் வருந்துவோர் சிலர், மகிழ்வோர் பலர். நாம் இரு கட்சியிலும் சேர விரும்பவில்லை. குடும்பங்கள் பெருகுகின்றன, பிள்ளைகள் படித்து உத்தியோகம் பார்த்துச் சொந்த ஊரில் ஒரு வீடு கட்ட ஆசைப்படுகிறார்கள், அதைக் குற்றமென்று யார் சொல்ல முடியும்? ஆனால் இந்த வளர்ச்சி எந்தத் திட்டத்தின்படி நடக்கிறது, அந்தத் திட்டத்தில் மழைநீர் ஓடுவதற்கும் மரம் வேரூன்றுவதற்கும் இடம் குறித்தவர் யார் என்று கேட்பது பத்திரிகையின் கடமை. கேட்டுப் பார்த்தோம், திருப்தியான விடை கிடைக்கவில்லை. ஆகவே இன்று இவ்விஷயத்தைப் பொதுஜனங்கள் முன் வைக்கிறோம்.

பசுமைக் கட்டமைப்பு என்று ஒரு சொற்றொடர் இப்பொழுது நகர நிர்மாண நிபுணர்களின் வாயில் அடிக்கடி அடிபடுகிறது. பெயர் புதிது, பொருள் எளிது. சாலையும் சாக்கடையும் குடிநீர்க் குழாயும் எவ்வாறு ஒரு நகரத்திற்கு இன்றியமையாத அமைப்புகளோ, அவ்வாறே குளமும் ஓடையும் சதுப்பு நிலமும் சாலை மரமும் திறந்த வெளியும் இன்றியமையாத அமைப்புகளாகும். அவை அலங்காரப் பொருள்கள் அல்ல. வேலை செய்கிற உறுப்புகள். வெள்ளத்தை வாங்கிக்கொள்வது, நிலத்தடி நீரை ஊட்டுவது, வெயிலைத் தணிப்பது, கழிவை வடிகட்டுவது ஆகிய இவ்வளவு வேலைகளையும் அவை கூலி கேளாமல் செய்கின்றன. ஆகவே வீதிகளை வரைந்து முடித்த பிறகு மிச்சமுள்ள மூலையில் நாலு செடி வைப்பதை விட்டு, இவற்றை முதலில் வரைந்து பிறகு வீதிகளை வரைய வேண்டும் என்பதே அக்கொள்கையின் சாரம். 1967 முதல் சிங்கப்பூர் தன்னைத் தோட்ட நகரமாக்கிக் கொள்ளப் பாடுபட்டு வந்திருக்கிறது. மழையைப் பஞ்சு போல் உறிஞ்சிக்கொள்ளும் நகரங்களை அமைப்பதென்று சீன தேசம் 2013 முதல் முயன்று வருகிறது.

இவற்றையெல்லாம் நம் முன்னோர் எப்பொழுதோ அறிந்திருந்தார்கள் என்று சொல்லி மார்தட்டிக் கொள்வோர் நம்மில் உண்டு. கோட்டையைச் சுற்றி அகழியும் அகழியைச் சுற்றிக் காவற்காடும் வைத்த ஜாதி, கோயிலுக்கு ஒரு குளமும் ஒரு ஸ்தல விருக்ஷமும் வகுத்த ஜாதி என்று அவர்கள் பேசுவது உண்மையே. ஆயினும் மார்தட்டிக்கொண்டே குளத்தைத் தூர்த்தவர்களும் நாம்தான் என்பதை மறக்கலாகாது. முன்னோர் பெருமை பேசுவதற்கு நமக்கு உரிமை உண்டா என்பது இன்னும் எத்தனை குளத்தை நாம் மிச்சம் வைத்திருக்கிறோம் என்பதைப் பொறுத்தது.

கோம்பையின் நிலைமையை எடுத்துக்கொள்வோம். வேட்டை நாயினால் தேசமெங்கும் பெயர் பெற்ற இவ்வூர், மேற்கே சுவர் போல் எழுந்து நிற்கும் மலைத்தொடரின் அடியில் இருக்கிறது. மலையுச்சியில் கேரளத்து ராமக்கல்மேடு. அங்கே நின்று பார்ப்பவர்களுக்குக் கோம்பையும் தேவாரமும் காலடியில் தெரியும். தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையில் பெரும்பகுதியை மலைக்கு அப்புறமே கொட்டித் தீர்த்துவிடுகிறது. நமக்குக் காற்றும் சாரலுமே வந்து சேருகின்றன. ஐப்பசி கார்த்திகையில் பருவமழை பெய்தால் உண்டு. கோடையில் இடியுடன் ஒரு மழை பெய்தால் உண்டு. அப்படிப் பெய்யும் நாளில் மலைச்சரிவிலிருந்து ஓடைகள் சில மணி நேரத்தில் வெள்ளமாய் இறங்குகின்றன. அதே வேகத்தில் வற்றியும் விடுகின்றன. அந்த வெள்ளத்தை மடக்கிப் பிடிப்பதற்காகவே அடிவாரத்தில் குளங்கள் ஏற்பட்டன. குளத்தில் தங்கிய நீர் மண்ணில் இறங்கி வீட்டுக் கிணற்றுக்கும் தோட்டக் கிணற்றுக்கும் ஊற்றாகிறது. வரத்துக் காலை அடைத்துவிட்டால் இரண்டு கேடு ஒருங்கே விளையும். மழை பெய்த இரவில் வெள்ளம் வீதியில் புகும். மாசி பங்குனியில் கிணற்றில் வாளி தரையைத் தட்டும். இரண்டும் ஒரே தவற்றின் பலன் என்பதை ஜனங்கள் எளிதில் உணர்வதில்லை.

பெரியாறு இருக்கிறதே என்று சிலர் சொல்லலாம். 1895-இல் பென்னி குயிக் கட்டி முடித்த அணையின் நீர், கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நிலத்தை விளைவித்து வருவது யாவரும் அறிந்ததே. ஆனால் அந்தப் பாக்கியம் ஆற்றோரத்து ஊர்களுக்கு உரியது. மலையோரத்து ஊர்களுக்காகப் பின்னர் ஏற்பட்ட 18-ஆம் கால்வாய், உத்தமபாளையம், போடிநாயக்கனூர் வட்டங்களில் சுமார் 4,600 ஏக்கருக்குப் பயன்படுகிறதென்பது உண்மை. எனினும் அணையில் நீர் தாராளமாக உள்ள காலத்தில்தான் அக்கால்வாய் திறக்கப்படுகிறது. அப்படித் திறக்கும் நீரும் குளங்களுக்குத்தான் வந்து சேருகிறது. குளம் இல்லாவிட்டால் கால்வாய் எதற்கு? வாங்கி வைக்கப் பாத்திரமில்லாதவன் வீட்டுக்குப் பால்காரன் வந்தென்ன, வராமற்போனாலென்ன?

பாத்திரத்தை உடைத்துக்கொண்ட ஒரு பெரிய குடும்பத்தின் கதை நமக்கு வெகு சமீபத்திலேயே இருக்கிறது. அதுதான் மதுரை. கடம்பவனம் என்று பெயர் பெற்ற அந்நகரைச் சுற்றி வைகையின் கால்வாய்களால் நிரம்பிய கண்மாய்கள் பல இருந்தன. தல்லாகுளம், பீபிகுளம் என்று பெயரில் குளம் இருக்கிறது. இடத்தில் கட்டிடம் இருக்கிறது. 2004-இல் திறக்கப்பட்ட உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையே உலகனேரிக் கண்மாயில் எழுந்ததாகும். நீர்நிலை ஆக்கிரமிப்பைப் பற்றிய வழக்குகளை அந்த வளாகத்தில் நின்று வாதாடும்போது, காலடியில் இருப்பது எது என்ற நினைவு வழக்கறிஞர் தொழில் செய்யும் நமக்குப் பலமுறை வந்ததுண்டு. அந்நீதிமன்றமே நீர்நிலைகளைக் காக்கும் உத்தரவுகள் பலவற்றைப் பிறப்பித்து வருகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். அவ்வுத்தரவுகளை நாம் மனமார வரவேற்கிறோம். இடத்தைத் தேர்ந்தெடுத்தது சர்க்கார். கண்மாய்க்கு நஷ்ட ஈடு கொடுக்க வேண்டியதில்லை, கிரயம் செலுத்த வேண்டியதில்லை என்ற ஒரே காரணத்தால், இராஜ்யமெங்கும் பஸ் நிலையமும் ஆபீஸும் கட்ட அதிகாரிகளின் கண் முதலில் நீர்நிலையின் மீதே விழுகிறது. விலையில்லாத நிலம் என்று அவர்கள் நினைத்தார்கள்.

விலை பின்னால் வந்தது. வைகை நீர் போதாத மதுரைக்குக் கம்பம் பள்ளத்தாக்கின் தலைவாயிலான லோயர் காம்பிலிருந்து நாளொன்றுக்கு 125 மில்லியன் லிட்டர் குடிநீரைக் குழாய் வழியே கொண்டு செல்லச் சுமார் 1,300 கோடி ரூபாயில் ஒரு திட்டம் வகுக்கப்பட்டது. பள்ளத்தாக்கின் விவசாயிகள் அதை எதிர்த்துக் கிளர்ச்சி செய்தார்கள். தாகத்தால் வாடும் நகரத்திற்குத் தண்ணீர் தரலாகாது என்று நாம் சொல்லமாட்டோம்; குடிநீர் மறுப்பது தர்மமல்ல. மதுரையின் தாகம் முழுவதும் கண்மாய் அழிவினால் வந்ததென்றும் சொல்லமாட்டோம். ஜனத்தொகை பெருகியதும் வைகை வறண்டதும் காரணங்களே. ஆனால் தன் வாசலில் இருந்த நீரைக் காப்பாற்றிக் கொள்ளாத நகரம், நூறு மைல் எல்லைக்குள் எவருடைய நீர் கிடைக்கும் என்று தேட நேருகிறது என்பது மறுக்கவொண்ணாத உண்மை. மதுரைக்காவது கைநீட்டக் கம்பம் பள்ளத்தாக்கு இருந்தது. கோம்பையும் தன் குளங்களைப் புதைத்துவிட்டால் யாரிடம் கைநீட்டும்? மலைக்கு அப்பால் கேரளத்திடமா?

மதுரையே இப்பொழுது வழி திரும்பத் தொடங்கியிருக்கிறது என்பதையும் குறிப்பிட வேண்டும். நெடுங்காலம் வறண்டு, சிறுவர்கள் பந்தாடும் திடலாகக் கிடந்த வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்திற்குப் பனையூர்க் கால்வாயைச் சீர்செய்து வைகை நீரை விட்டபோது, அக்கம்பக்கத்துக் கிணறுகளில் நீர் ஏறியதைக் கண்டு ஜனங்கள் அதிசயித்தார்கள். அதிசயம் ஒன்றுமில்லை. குளம் தன் வேலையைச் செய்தது, அவ்வளவே.

சென்னைப் பட்டணத்தின் சரித்திரம் இன்னும் பெரிய பாடம். 1920-இல் சென்னை மாகாணத்திற்கு ஒரு நகர நிர்மாணச் சட்டம் ஏற்பட்டது. பட்டணங்கள் கண்டபடி வளராமல் ஒழுங்காக வளர வேண்டுமென்பதே அச்சட்டத்தின் நோக்கம். அந்த ஒழுங்கு எங்கிருந்து ஆரம்பித்தது? நுங்கம்பாக்கம் முதல் மயிலாப்பூர்ப் பக்கம் வரை நீண்டு கிடந்த நெடுங்குளத்தை 1923 முதற்கொண்டு தூர்த்து, தியாகராய நகரை உண்டாக்கியதில் ஆரம்பித்தது. திட்டமில்லாமையால் அழிந்த குளங்கள் ஆயிரம் இருக்கலாம். நெடுங்குளம் திட்டத்தினாலேயே அழிந்தது. பிற்காலத்தில் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்திற்கு நேர்ந்த கதியும் அதுவே. சுமார் ஐம்பது சதுர கிலோமீட்டர் பரந்திருந்த அந்நிலத்தில் இன்று எஞ்சியிருப்பது பத்தில் ஒரு பங்கு அளவே. குப்பை மேடும் ரயில் பாதையும் சர்க்கார் ஸ்தாபனங்களும் கணினிக் கம்பெனிகளும் மற்றதைப் பங்கு போட்டுக்கொண்டன. 2015 டிசம்பரில் தென்சென்னை நீரில் மிதந்தது. ஏரிகளிலிருந்து நீரைத் திறந்துவிட்ட முறையும் அவ்வெள்ளத்திற்கு ஒரு காரணம் என்று பலர் குற்றம் கூறினர். அதில் நியாயம் உண்டு. ஆனால் தங்க இடமிருந்த நீர் வீட்டுக்குள் வருவதில்லை. எஞ்சிய சதுப்பு நிலத்திற்கு 2022-இல் ராம்சார் உடன்படிக்கையின்படி சர்வதேச அந்தஸ்து கிடைத்தது. இழந்தது திரும்பி வரவில்லை.

இவையெல்லாம் முன்கூட்டித் தெரியாத விஷயங்கள் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளவும் வழியில்லை. 1914-இல் சென்னைக் கவர்னர் பெண்ட்லண்டு பிரபுவின் அழைப்பின் பேரில் பாட்ரிக் கெட்டிஸ் என்ற ஸ்காட்லாந்து அறிஞர் இந்தியாவுக்கு வந்தார். தாவர சாஸ்திரியாக வாழ்க்கையைத் தொடங்கி நகர நிர்மாணத்தில் புகுந்தவர் அவர். அவர் அனுப்பிவைத்த நகரக் கண்காட்சிப் படங்களை ஏற்றிவந்த கப்பலை, சென்னைத் துறைமுகத்தில் குண்டு போட்ட அதே எம்டன் கப்பல் கடலில் மூழ்கடித்துவிட்டது. அவர் தளரவில்லை. நண்பர்கள் மீண்டும் சேகரித்து அனுப்பிய படங்களைக் கொண்டு 1915 ஜனவரியில் சென்னையில் கண்காட்சி நடத்தினார். மதுரை, தஞ்சை முதலிய ஊர்களின் சந்து பொந்துகளிலெல்லாம் கால்நடையாகச் சுற்றினார். கொசுவும் காய்ச்சலும் உண்டாவதால் குளங்களைத் தூர்த்துவிட வேண்டுமென்று அக்கால அதிகாரிகள் சொல்லி வந்தார்கள். குளத்தைக் கொல்வது வைத்தியமல்ல, சுத்தம் செய்து மீனும் வாத்தும் விட்டு வளர்த்தால் கொசு அடங்கும் என்று அவர் சொன்னார். ஊரை இடித்துவிட்டுப் புதிதாக வரைவதற்கு முன்பு, உள்ளதைக் கூர்ந்து பார், காக்கக்கூடியதைக் காப்பாற்று என்பதே அவருடைய போதனை. அவர் சொல்லிப் போன எட்டாண்டுக்குள் நெடுங்குளத்தில் மண் கொட்டத் தொடங்கியாயிற்று. அறிவுரை இல்லாமையால் நாம் கெட்டதில்லை.

சட்டம் இல்லாமையாலும் கெட்டதில்லை. குளங்களும் ஓடைகளும் சமூகத்தின் பொதுச் சொத்து, அவற்றை வீட்டுமனையாக்கலாகாது என்று 2001-இல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. இராஜ்யத்திலுள்ள நீர்நிலைகளைக் கண்டறிந்து ஆக்கிரமிப்பை அகற்றும்படி 2005-இல் சென்னை ஹைகோர்ட்டு உத்தரவிட்டது. 2007-இல் ஏரிகளைக் காக்கத் தனிச் சட்டம் பிறந்தது. ஆனால் அச்சட்டத்தைப் படித்துப் பாருங்கள்: பொதுப்பணித் துறையின் வசமுள்ள ஏரிகளுக்கே அது பொருந்தும். பேரூராட்சியின் வசமுள்ள ஊருணிக்கும், எவர் வசத்திலும் இல்லாதது போல் கிடக்கும் ஓடைப் புறம்போக்குக்கும் 1905 ஆம் வருஷத்து நில ஆக்கிரமிப்புச் சட்டமே கதி. சிறு ஊர்களின் நீர் பெரும்பாலும் இப்படிப்பட்ட சிறு நீர்நிலைகளில்தான் இருக்கிறது. சட்டத்தின் வலையில் பெரிய மீன் விழுகிறது. கோம்பை போன்ற ஊர்களின் மீன் கண்ணி வழியே நழுவிவிடுகிறது.

அங்கீகாரமில்லாத மனைகளைப் பற்றிய கதையும் இப்படியே. 2016 செப்டம்பரில் ஹைகோர்ட்டு அத்தகைய மனைகளைப் பத்திரப் பதிவு செய்வதைத் தடுத்தது. மறுவருஷமே, 2016 அக்டோபர் 20-க்கு முன் விற்ற மனைகளைக் கட்டணம் வாங்கிக்கொண்டு வரன்முறைப்படுத்த விதிகள் வந்தன. கையிலுள்ள சேமிப்பையெல்லாம் போட்டு அறியாமல் மனை வாங்கிய ஏழைக்கு நிவாரணம் வேண்டியதுதான். நீர்நிலைகளை அந்தச் சலுகையிலிருந்து விலக்கியதும் சரியே. ஆனால் முதலில் தவறு, பிறகு மன்னிப்பு, அடுத்த மன்னிப்பை எதிர்பார்த்து அடுத்த தவறு என்று போய்க்கொண்டிருந்தால், அது நகர நிர்மாணம் ஆகாது. நகரப் பிராயச்சித்தமே ஆகும்.

இனி, இதற்கெல்லாம் பொறுப்பாளி யார் என்று பார்ப்போம். 1992-இல் நிறைவேறிய அரசியல் சட்டத்தின் எழுபத்துநான்காவது திருத்தம், கிராமம் நகரமாக மாறும் இடைநிலையிலுள்ள ஊர்களுக்கென்று ஒரு தனி அமைப்பை வகுத்தது. நம் பேரூராட்சிகள் அந்த வகையைச் சேர்ந்தவை. நகர ஸ்தாபனங்களுக்கு ஒப்படைக்கத் தகுந்தவை என்று அத்திருத்தத்தின் அட்டவணை பதினெட்டு இனங்களைக் குறிக்கிறது. அவற்றுள் முதல் இனம் நகர நிர்மாணம். எட்டாவது நகர வனமும் சுற்றுச்சூழலும். பன்னிரண்டாவது பூங்காவும் விளையாட்டுத் திடலும். இப்படி ஏட்டில் எழுதி முப்பது வருஷத்திற்கு மேலாகிறது. நடைமுறையில் என்ன? 1971 ஆம் வருஷத்துச் சட்டத்தின் கீழ் மனைப்பிரிவின் வரைபடத்தைப் பரிசீலித்து ஒப்புவது நகர் ஊரமைப்பு இலாகா. ஊரின் நிலவாட்டம் எப்படி, மழைநீர் எந்த வழியில் வரும் என்று அறிந்த கௌன்ஸிலர் கடைசியில் கையெழுத்திடுகிறார். அல்லது கையெழுத்திட்டதைக் கேள்விப்படுகிறார். அதிகாரம் ஓரிடத்திலும் அறிவு ஓரிடத்திலும் இருப்பது அந்நிய ஆட்சியின் லக்ஷணம் என்று ஒரு காலத்தில் நாம் மேடை தோறும் முழங்கினோம். சொந்த ஆட்சியிலும் அதே லக்ஷணம் நீடிக்கலாமா?

ஆகவே நம் யோசனைகளைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். முதலாவது, ஊரின் வரைபடத்திற்கு முன் நீரின் வரைபடம் வேண்டும். கோம்பையின் எல்லைக்குள் உள்ள ஒவ்வொரு குளம், ஊருணி, ஓடை, வரத்துக் கால், மறுகால் ஆகியவற்றைப் புல எண்ணோடு, அ-பதிவேட்டிலும் புலப்படத்திலும் உள்ள அகலத்தோடு ஒரு பெரிய படத்தில் தமிழில் வரைந்து, பேரூராட்சி மன்றத்தின் சுவரில் எல்லோரும் பார்க்கும்படி மாட்ட வேண்டும். இதற்குப் புதுச் சட்டம் வேண்டாம்; சர்வேயர் ஒருவரும், நடந்து காட்ட ஊர்ப் பெரியவர்கள் நாலு பேரும் போதும். புதைந்துபோன வாய்க்காலைக் கண்டுபிடிக்கக் கருவிகளைவிட, வயல் வேலை செய்த கிழவர் கிழவிகளின் ஞாபகம் பெரிய உதவி செய்யும். கண்ணுக்குத் தெரிகிற ஓடையைத் திருடுவது கடினம்.

இரண்டாவது, மனைப்பிரிவுகளில் பொது வெளிக்காக விடும் பங்கைப் பற்றியது. 3,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவுகளில் பத்து சதவீதம் திறந்த வெளிக்கென ஒதுக்க விதி இருக்கிறது. சிறியவற்றில் இடத்திற்குப் பதில் பணம் கட்டவும் இடமுண்டு. அந்தப் பங்கு எங்கே ஒதுக்கப்படுகிறது? விற்க முடியாத கோணல் மூலையில். ஒவ்வொரு மனைப்பிரிவின் பங்கையும் ஓடைக்கரையை ஒட்டியே விட வேண்டும் என்று மன்றம் வற்புறுத்தட்டும். அப்பொழுது தனித்தனியே பயனற்றுக் கிடக்கும் துண்டுகள் ஒன்றோடொன்று சேர்ந்து, மலையடியிலிருந்து குளம் வரை ஒரு தொடர்ச்சியான பசும்பாதையாகும். மழைக்காலத்தில் வெள்ளத்திற்கு அது வழி. மற்றக் காலத்தில் குழந்தைகளுக்கு ஆடுகளம், முதியோருக்கு உலாவும் நிழல். இதற்குச் சர்க்கார் ஒரு காசு அதிகம் செலவழிக்க வேண்டியதில்லை. கோடு போடும் கை சற்று நகர்ந்தால் போதும்.

மூன்றாவது, கழிவு நீர். பேரூர்களில் பெரும்பாலானவற்றுக்குப் பாதாளச் சாக்கடை கிடையாது. வீட்டுக் கழிவு நீர் வாறுகால் வழியே அடுத்த ஓடையில் கலக்கிறது. நாறும் குளத்தைக் காக்க எவரும் முன்வரார். "தூர்த்துவிட்டால் தேவலை" என்ற பேச்சு அங்கேதான் பிறக்கிறது. கல்கத்தாவின் கிழக்கே சுமார் 12,500 ஹெக்டேர் ஈர நிலம், அம்மாநகரத்தின் கழிவு நீரை வெயிலாலும் பாசியாலும் சுத்தம் செய்து, அதிலேயே மீனும் காய்கறியும் விளைவித்துத் தருகிறது. 2002 முதல் அதுவும் ராம்சார் ஸ்தலம். கோம்பைக்கு அத்தனை பெரிய ஏற்பாடு வேண்டாம். குளத்தில் கலக்குமுன் கழிவு நீர் தங்கித் தெளிய ஒரு சிறு குட்டையும், கோரையும் நாணலும் வளர்ந்த ஒரு பாத்தியும் இருந்தால் பாதி வேலை முடிந்துவிடும். அடுப்படிச் சோப்பு நீருக்கு இவ்வழி பொருந்தும். தொழிற்சாலைக் கழிவுக்குப் பொருந்தாது. அதைத் தடுப்பது தனிக் கடமை.

நான்காவது, மரம். காட்டையும் மரச் செறிவையும் 33 சதவீதமாக உயர்த்தப் பசுமைத் தமிழ்நாடு இயக்கம் 2022-இல் தொடங்கியது. நல்ல காரியம். ஆனால் நட்ட கன்றின் எண்ணிக்கையை அறிக்கையில் கொடுப்பது சுலபம். மூன்றாவது கோடையைத் தாண்டிய கன்றின் எண்ணிக்கையைத்தான் நாம் கேட்கிறோம். வீதிகளில் சுவருக்குச் சுவர் சிமெண்டுக் கல் பதித்து, மரத்தின் அடியை மூச்சுத் திணற மூடும் வழக்கத்தை உடனே நிறுத்த வேண்டும். மரத்தைச் சுற்றி ஒரு மீட்டர் மண்ணை விட வேண்டுமென்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013-இல் தில்லி நகரத்திற்குக் கட்டளையிட்டது. தில்லி மரத்திற்கு வேண்டிய மூச்சு கோம்பை மரத்திற்கு வேண்டாமா? மரம் எது என்பதும் முக்கியம். 2016 டிசம்பரில் வர்தா புயலில் சென்னை வீதிகளில் விழுந்தவற்றில், பூவின் அழகுக்காகக் கொண்டுவந்த அயல்நாட்டு மரங்கள் மிகுதி. காற்று பலத்து வீசும் இப்பள்ளத்தாக்கில் வேம்பும் புங்கும் புளியும் இலுப்பையும் வீதிக்கு ஏற்றவை. மருதும் நாவலும் பனையும் கரைக்கு ஏற்றவை.

எதிர்த்தரப்பில் சொல்லப்படுவதையும் கேட்க வேண்டும். குளக்கரையில் குடிசை போட்டிருப்பவர் ஏழைகள். அவர்களை விரட்டிவிட்டுப் பணக்காரர்கள் உலாவப் பூங்கா வைப்பதுதான் உங்கள் பசுமையா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. சென்னையில் ஆற்றோரத்து ஏழைகளைப் பிடுங்கி நகரத்திற்கு வெகு தூரத்தில் எறிந்த கொடுமையை நாம் மறக்கவில்லை. மாற்று இடம், ஊருக்குள், பிழைப்புக்கு அருகில், முதலில் கொடுத்த பிறகே ஏழையின் குடிசையைத் தொட வேண்டும்; அதற்கு முன்பாக, நீர்நிலையில் நிற்கும் சர்க்கார் கட்டிடத்தையும் செல்வரின் சுற்றுச்சுவரையும் தொட வேண்டும். இந்த வரிசை மாறினால் சட்டம் நீதியாகாது. நில விலை குறைந்து ஊரின் அபிவிருத்தி தடைப்படும் என்று மனை வியாபாரிகள் சொல்வார்கள். கிணற்றில் நீரும் வாசலில் நிழலும் உள்ள மனைக்கு விலை கூடுமா குறையுமா என்பதை அவர்களே நன்கறிவார்கள். கம்பத்துப் பன்னீர்த் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெயரை நமக்குச் சம்பாதித்துக் கொடுத்தது இந்த மண்ணும் இந்த நீருமே அன்றோ?

வேலையை யார் செய்வது? ஒரு காலத்தில் குடிமராமத்து என்று ஊரார் கூடிக் குளத்தைச் சீர்செய்தார்கள். 1858-இல் வெள்ளை சர்க்கார் அதைக் கட்டாய உழைப்புச் சட்டமாக்கி, குடிகளின் கடமையை மட்டும் எழுதி உரிமையை எழுதாமல் விட்டது, வழக்கம் தேய்ந்தது. 2017-இல் அப்பெயரால் மறுபடி ஒரு திட்டம் வந்தது. பெயர் திரும்பினால் போதாது. குளத்தின் மீது ஊராருக்குள்ள அதிகாரம் திரும்ப வேண்டும். உழைப்பவனுக்குக் கூலி வேண்டும். கணக்கு ஊர் முன் வாசிக்கப்பட வேண்டும். 2022-இல் விதி வகுத்த வார்டுக் குழுக்களும் பகுதி சபைகளும் இதற்கென்றே ஏற்பட்டவை. கௌன்ஸில் ஸ்தானங்களில் பாதி பெண்களுக்குரியவை. குடம் சுமந்து நடக்கும் தூரத்தை அறிந்தவர்கள் அவர்கள். நீர்ப்படம் வரையும் குழுவில் பாதிப் பேராவது பெண்களாக இருக்கட்டும்.

தேசத் தொண்டில் ஈடுபட்ட வாலிபர்களுக்கு ஒரு வார்த்தை. சுயராஜ்யம் தலைநகரில் கொடியேற்றியதோடு முடிந்துவிடவில்லை. தன் ஊர்த் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே தங்குகிறது, எவன் அதை மறிக்கிறான் என்று அறியாத குடிமகன், வோட்டுரிமை பெற்றிருந்தும் பாதிச் சுதந்திரமே பெற்றவன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பத்துப் பேர் சேர்ந்து, மலையடியில் ஓர் ஓடை தொடங்கும் இடத்திலிருந்து அது சேரும் குளம் வரை நடந்து பாருங்கள். எந்த இடத்தில் ஓடை குறுகுகிறது, எந்த இடத்தில் குழாய்க்குள் நுழைகிறது, எந்த இடத்தில் காணாமற்போகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் குறிப்போடு பேரூராட்சி மன்றத்திற்குச் சென்று பதிவேட்டைக் காட்டும்படி கேளுங்கள். தகவல் அறியும் உரிமை 2005 முதல் உங்கள் கையில் இருக்கிறது. கோஷமும் ஊர்வலமும் வேண்டியதில்லை; நடையும் கேள்வியும் போதும்.

பெருநகரங்கள் இழந்ததைக் கோடி கோடியாகக் கொட்டித் திரும்பப் பெறப் பார்க்கின்றன. பாதி கூடத் திரும்புவதில்லை. கோம்பை இன்னும் அந்த நிலைக்கு வரவில்லை. ஓடைகளை இன்னும் அடையாளம் காணலாம். குளங்களுக்கு இன்னும் கரை இருக்கிறது. கரையில் நிற்க ஜனங்களும் இருக்கிறார்கள். ஒரு தீர்மானத்தாலும் ஒரு படத்தாலும் இன்று காக்கக்கூடியதை, இருபது வருஷத்திற்குப் பின் எந்தக் கஜானாவாலும் மீட்க முடியாது. அடுத்த மனைப்பிரிவுக்கு அனுமதி கோரும் மனு மன்றத்தின் மேஜைக்கு வருவதற்கு முன், நீரின் படம் மன்றத்தின் சுவரில் இருக்க வேண்டும். பேரூராட்சி அங்கத்தினர்களும் ஜில்லா அதிகாரிகளும் இதை உடனே ஏற்று நடத்துவார்களென்று நம்புகிறோம். அவர்கள் தாமதித்தால், கோம்பையின் ஜனங்கள் தாமதிக்கலாகாது.